ஆல்மாவுக்குப் புது வீடு

உங்கள் காவல் நிலையத்துத் தேநீரைப் பற்றி ஊரில் யாரும் நல்லதாகச் சொல்வதில்லை. எனக்கென்னவோ ஒரு குறையும் தெரியவில்லை. உங்கள் காவலர் மட்டும் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டார். நம் வீடுகளில் அப்படி நிரப்பினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பிள்ளைக்கு வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. போகட்டும்.

நானாகத்தான் வந்தேன், தம்பி, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மிருகக்காட்சிசாலைக் குழு கூடி, ஆல்மாவைச் சுடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறதாம். ஆளைக் கொன்ற கரடி என்று அதற்கு முத்திரை குத்திவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். வாயில்லாத ஜீவன் என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. கதவைத் திறந்தது நான். அதைச் சொல்லி அதன் உயிரைக் காப்பாற்றத்தான் வந்தேன்.

ஆல்மாவை வேட்டைக்காரர்கள் ஒரு கோணிப்பையில் போட்டு மலையிலிருந்து கொண்டுவந்தார்கள். தாயைச் சுட்டுவிட்டார்கள். பையைத் திறந்ததும் ஆப்பிள் போல உருண்டு வந்து விழுந்ததால், நம் மொழியில் ஆப்பிளுக்குச் சொல்கிற ஆல்மா என்ற பெயரையே வைத்தேன். என் கம்பளிக் கோட்டுக்குள் வைத்துப் புட்டிப்பால் கொடுத்தேன். என் கையில் இந்தத் தழும்பு இருக்கிறதே, அது அப்போது கடித்தது. எனக்குப் பிள்ளை கிடையாது. உடனே அதை வைத்து ஒரு கதை கட்டாதீர்கள். பிள்ளை பெற்றவர்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள்.

பழைய வரிசைக் கூண்டுகளை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். சிமெண்டுத் தரை, இரும்புக் கம்பி, திரும்பினால் சுவர். இன்று எல்லாரும் அதைச் சிறை என்கிறார்கள். அன்று நகரமே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியது. காலையில் என் காலடிச் சத்தம் கேட்டதும் ஆல்மா கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். நான் போகும்வரை ஆட்டும். போன பிறகும் ஆட்டும். கரடி நடனமாடுகிறது என்று குழந்தைகள் கை தட்டுவார்கள். என்னைக் கண்ட சந்தோஷம் அது. கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். ஆல்மா ஒரு குளிர்காலம்கூடத் தூங்கியதில்லை. வெளியே பனி கொட்டும். ஒரு பார்வையாளர் இருக்க மாட்டார். நானும் அதுவும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பொழுதுகள் கிடையாது.

பிறகு புது இயக்குநர் வந்தார். வந்த நாளிலிருந்து இடம் மாற்றுகிற வேலைதான். ஓநாய் இருந்த இடத்துக்குச் சிவிங்கிப்பூனை போனது, சிவிங்கிப்பூனை இருந்த இடத்தில் ஆந்தைகள் வந்தன, குரங்கு வீட்டை இடித்துக் குளம் வெட்டினார்கள். பெயர்ப்பலகை மாட்டுகிறவனுக்குத்தான் யோகம். வருகிறவர்கள் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்து மரத்தையா பாக்க வந்தோம்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் மிருகம் ஒளியாமல் என்ன செய்யும்?

கரடிக்கும் புது அடைப்பு கட்டினார்கள். மண் சரிவு, தேவதாரு மரங்கள், ஓடை, முன்னால் கண்ணாடிச் சுவர். வரைந்தது மிராஸ் என்ற விலங்கியல்காரன். வெளிநாட்டில் படித்தவன், முப்பதைத் தாண்டியவன், நல்லவன்தான். நான் அவனைக் கெட்டவன் என்று எங்கேயும் சொல்லவில்லை. திறப்பு விழாவில், நம் வழக்கப்படி, மிட்டாயை அள்ளிக் கூட்டத்தின்மேல் வீசினார்கள். ஒட்டகங்களைப் பார்த்துக்கொள்ளும் பெக்ஸாத் எல்லார் முன்னாலும் என்னைக் கிண்டல் செய்தான்.

"என்ன ரௌஷான் அக்கா, மகளக் கட்டிக் குடுத்தாச்சு போல? ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலையே!"

"மருமகன் எப்படின்னு பாத்துட்டு அழறேன், போடா."

"மருமகன் மிராஸ்தான் அக்கா. பொண்ணு இனி அவன் பேச்சத்தான் கேக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

முதலில் ஆல்மா உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை. மண்ணில் காலை வைத்துப் பார்க்கும், சுட்டதுபோல இழுத்துக்கொள்ளும். நான் சொன்னேனே என்று எனக்குள் ஒரு திருப்தி. ஆனால் மிராஸ் பொறுமைசாலி. வாசலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி ஆப்பிள் வைத்தான். ஒருநாள் காலை நான் போனபோது ஆல்மா சரிவின் உச்சியில் மல்லாந்து படுத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி தேய்த்துக்கொண்டது. யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது, தம்பி.

தலையாட்டுவதும் நின்றுபோனது. மிராஸ் என்னிடம் ஓடிவந்து சொன்னான், பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல.

"அக்கா, பாத்தீங்களா? ஆல்மா தலைய ஆட்டறத விட்டுட்டா!"

"என்னை மறந்துட்டா."

"மறக்கலைக்கா. அது சந்தோஷத்துல ஆடினதில்ல. அடைச்சே வெச்சிருந்ததுல புத்தி பேதலிச்சுப் போய் ஆடினது. இப்பத்தான் குணமாகுது."

"அப்ப இத்தனை வருஷம் நான் வளத்தது பைத்தியத்தையா?"

"ஐயோ அக்கா, உங்களச் சொல்லலை. கூண்டச் சொல்றேன். நீங்க இல்லாட்டி அது அப்பவே செத்திருக்கும்."

அப்புறம் தேநீர் குடிக்கக் கூப்பிட்டான். குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

இலையுதிர்காலம் வந்ததும் ஆல்மா தேவதாரு வேருக்கு அடியில் குழி பறிக்க ஆரம்பித்தது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முகமெல்லாம் மண். மிராஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் குளிருக்குத் தூங்கப் போறா அக்கா. வாழ்க்கையிலயே மொத தடவ! இனி வசந்தம் வர்றவரைக்கும் அவகிட்ட யாரும் போக வேணாம். நீங்களும் உங்க தங்கச்சி வீட்டுக்குப் போய் நல்லா ஓய்வெடுங்க" என்றான். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அந்தச் சொல்தான் என்னைக் கொன்றது. குளிர்காலம் முழுக்க அதற்கு நான் தேவையில்லை என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே சொல்கிறான். அதைப் பெரிய கொடை மாதிரி சொல்கிறான்.

இப்போது தொப்பி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைத்தானே கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

கரடியின் உள்ளறைக்கும் வெளி அடைப்புக்கும் நடுவே ஒரு இழுப்புக் கதவு. வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்தால் கதவு மேலே போகும். கரடியை உள்ளே அடைத்துவிட்டு வெளி அடைப்பைச் சுத்தம் செய்யப் போகிறவர், தன் தொப்பியைக் கழற்றி அந்தக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். பழைய வரிசையில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். தொப்பி தொங்கினால் வெளி அடைப்பில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். குடித்துவிட்டு வருகிறவன்கூட அந்தக் கைப்பிடியைத் தொட மாட்டான். புது அடைப்பில் அதற்குப் பதிலாகப் பூட்டுப் போட்டார்கள். உள்ளே போகிறவர் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

மிராஸ் முதல்முறை என் கண் முன்னால் பூட்டியபோது நான் கேட்டேன்: "என்ன தம்பி, தலை நரைச்சவ இங்க காவலுக்கு நிக்கறேன், என் முன்னாடியே பூட்டறியே. நான் என்ன களவாணியா?" பாவம், காது மடல் வரை சிவந்துபோனான். நம் பிள்ளைகள் எவ்வளவு படித்தாலும் பெரியவர் முகம் வாடினால் தாங்க மாட்டார்கள். உடனே பூட்டைக் கழற்றிவிட்டுத் தொப்பியை மாட்டினான். "மன்னிச்சுக்குங்க அக்கா. நீங்க இருக்கும்போது எனக்கெதுக்குப் பூட்டு?" என்றான். அன்றிலிருந்து நான் பணியில் இருக்கும் நாட்களில் அவன் பூட்டியதே இல்லை. மற்றவர்கள் இருந்தால் பூட்டுவான். அதை ஒரு மரியாதையாகச் செய்தான்.

அது நடந்த அன்றைக்கு அவன் குழியில் பரப்ப வைக்கோல் கொண்டுவந்தான். ஆல்மாவை உள்ளறையில் அடைத்திருந்தோம். தொப்பியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, வைக்கோல் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனான். நான் தொப்பியை எடுத்தேன். கைப்பிடியை இழுத்தேன். அவ்வளவுதான். கை தவறிவிட்டது, ஞாபகமில்லை என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

ஆல்மா அவனை ஒன்றும் செய்யவில்லை. இதை அழுத்தி எழுதுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். வெளியே வந்தது, மூக்கைத் தூக்கி மோந்தது, நேராக வைக்கோலிடம் போனது. அவன் அசையாமல் நின்றான். பயந்தவன் நிற்பதுபோல நிற்கவில்லை, தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நின்றான். அது ஒரு வாய் வைக்கோலைக் கவ்விக் குழிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து இன்னொரு வாய் கவ்வியது. அவன் மெல்ல என் பக்கம் திரும்பினான். தம்பி, அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. பாருங்கள் அக்கா என்பதுபோல.

நான் தீனி வாளியை இரும்புக் கரண்டியால் தட்டினேன்.

காலைத் தீனியை அன்று நான் கொடுத்திருக்கவில்லை. முந்தின நாளும் கொஞ்சம் குறைத்திருந்தேன். குளிர் நெருங்கும்போது கரடிக்குப் பசி என்பது சாதாரணப் பசி இல்லை. புட்டிப்பால் நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் ஆல்மா தலைதெறிக்க ஓடிவரும். வழி குறுகலானது, ஒரு பக்கம் ஓடை, மறு பக்கம் பாறை. அவன் வழியில் நின்றான். அவன் கையிலும் சட்டையிலும் எப்போதும் ஆப்பிள் மணம். மற்றதை மருத்துவர் அறிக்கையில் படித்திருப்பீர்கள்.

எங்கள் காவலாளிகள் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி ஆல்மாவை உள்ளே தள்ளினார்கள். அந்த அமளியில் நான் தொப்பியைப் பணியாளர் அறைக் கொக்கியில் மாட்டினேன். மிராஸ் தொப்பியை மாட்ட மறந்துவிட்டான், பூட்டவும் இல்லை, படித்தவனுக்கு அலட்சியம் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஆசிரியை எடுத்த படத்தில், அவன் வைக்கோலோடு கதவை நோக்கி நடக்கும்போது தலையில் தொப்பி இருக்கிறது என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அப்படியானால் அது பணியாளர் அறைக் கொக்கிக்கு எப்படிப் போனது என்று கேட்டீர்கள். கெட்டிக்காரர்.

அவன் வீட்டுத் துக்கத்துக்கும் போனேன். இறந்தவருக்கு எண்ணெய் மணம் போய்ச் சேர வேண்டும் என்று மாவு உருண்டை பொரிப்பார்களே, அதை நான்தான் பொரித்தேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தியே பேசுவான் அக்கா. வேலை முழுக்க உங்ககிட்டத்தான் கத்துக்கிட்டேன்னு சொல்லுவான்" என்று அழுதாள். அவள் சாப்பிடும்வரை நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு மனசாட்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

புது அடைப்பை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். ஆல்மா இப்போது பழைய கூண்டில் இருக்கிறது. நேற்றுக் காலை நான் போனேன். என் காலடி கேட்டதும் கம்பிக்கு வந்து நின்றது, இப்படியும் அப்படியும் தலையை ஆட்டியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். யாரையும் எதையும் அது மறக்கவில்லை. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் சிறைக்குப் போனாலும் அது அங்கேயே இருக்கட்டும். பெக்ஸாதிடம் சொல்லி என் கோட்டைக் கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடச் சொல்கிறேன்.

என்ன சொன்னீர்கள்? இன்னொருமுறை சொல்லுங்கள்.

மலைக் காப்பகமா? கரடிமேல் குற்றமில்லை என்று இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால், சுட மாட்டார்கள், அங்கே அனுப்பிவிடுவார்கள் என்கிறீர்களா? இயக்குநர் எல்லாம் பேசி முடித்துவிட்டாரா? அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?

"யாரும் பாக்க வேணாம் அக்கா. வேலி போட்ட காடு. குளிர் வந்தா அது பாட்டுக்குத் தூங்கிக்கும்" என்கிறீர்கள். நீங்களும் அவனைப்போலவே சிரித்துக்கொண்டு சொல்கிறீர்கள்.

அந்தத் தாளை இப்படித் தள்ளுங்கள். இல்லை, பேனா வேண்டாம். நான் வயதானவள், தூங்காமல் கிடந்து ஏதேதோ உளறிவிட்டேன். கதவை யாரும் திறக்கவில்லை, தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. தொப்பியை அவன் மாட்டவில்லை. புதிதாக எழுதுங்கள், நான் சொல்கிறேன். ஆல்மா சின்ன வயதிலிருந்தே கெட்ட கரடி. பாருங்கள், என் கையையே கடித்திருக்கிறது. அதை நம்பி எங்கேயும் அனுப்ப முடியாது.

வெள்ளிக்கிழமை முடிவானதும் சுட வருகிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், தம்பி. நான் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். தெரியாத முகங்களைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும்.