நூல் சாப்பாடு இல்லையே

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில், பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னும் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் மூத்தவர் தாடையைப் பிடித்திருந்தார்.

"என் எலும்ப நானே திங்கேனாம்டி."

"என்னக்கா சொல்றீக?"

"தாடை மூட்டு தேயுதுல்ல, அங்கன உள்ள செல்லு பக்கத்துச் செல்லுக்குச் சேதி அனுப்புதாம். சேதி கெடைச்சதும் எலும்பத் திங்கிற செல்லுக வந்து அரிக்குதாம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுனாக."

"சரவெடி மாதிரி ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் பத்துதாக்கும்."

நான் உயிரியல் படித்தவள். இதில் திருத்த ஒன்றுமில்லை.

"கெட்டியா எதையும் கடிக்காம இருந்தாத்தான் சேதி கொறையுமாம். இல்லைன்னா வாயே தெறக்க முடியாமப் போயிருமாம். பொரிச்ச பரோட்டாவ விட்டு மூணு மாசமாச்சு, வலி போகலையே."

"நாளெல்லாம் சரத்து நூலைப் பல்லால கடிச்சு அறுக்கீகளே, அதைச் சொன்னீகளா?"

"என்ன சாப்புடுறீகன்னுதான் கேட்டாக. நூலு சாப்பாடு இல்லையேடி."

"கம்பெனியில குடுத்த கத்தரி எங்கன?"

"அதைத் தேடி எடுக்கதுக்குள்ள நாலு சரம் முடிச்சிருவேன்."

"நாளைலேர்ந்து அதை இடுப்புல கட்டிக்கோங்க."

மூத்தவர் தாடையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப மூணு மாசமா பரோட்டாவ வீணாவா விட்டேன்?"