பேசித் தீர்த்துக்கொள்ளலாம்

லாமிங்டன் கேக்கை நான் கடையில் வாங்குவதில்லை, வீட்டில் நானே செய்வேன். புகார் சொல்ல வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வருவார்கள். ஒரு துண்டு உள்ளே போனதும் பாதிக் கோபம் இறங்கிவிடும். குவீன்ஸ்லாந்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் குறைதீர்ப்பு அலுவலர் நான்தான், கிளைவ். விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வழக்கம் எளிமையானது. எழுத்தில் புகார் தருவதற்கு முன், யார் மீது புகாரோ அவரிடமே மாணவர் நேரில் பேசிப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டதுமே பல பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். குறை தீர்ந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். நான் வந்த பிறகு ஒரு புகார்கூட மேலே போனதில்லை. துணைவேந்தர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லிட்டியா ஃபிஜியிலிருந்து பவளப் பாறை ஆராய்ச்சிக்கு வந்த பெண். கேக்கைத் தொடவே இல்லை. அப்போதே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"பேராசிரியர் ஹேமிஷ் குடிச்சிட்டுத்தான் படகு ஓட்டுறாரு. ஃபிளாஸ்க்ல காபிம்பாரு, உள்ள ரம். போன தடவை பாறையில உரசிட்டோம்."

"அவர்கிட்ட பேசினியாம்மா?"

"படகும் அவரு கையில, என் படிப்பும் அவரு கையில. நான் போய் என்னத்தப் பேச?"

"பேசிப் பாரும்மா. சின்னப் பொண்ணு சொன்னா கேட்காமலா போவாரு?"

வேறு படகில் அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். அப்படிப் போனால் பேச மறுத்ததாகிவிடும், புகார் செல்லாது என்று பொறுமையாக விளக்கினேன். கடலுக்குப் போகாவிட்டால் ஆராய்ச்சி நிற்கும், விசாவும் போய்விடும். அதை அவளேதான் சொன்னாள். நான் பயமுறுத்தவில்லை.

அவள் சிரமத்தைக் குறைக்கலாமே என்று ஹேமிஷிடம் முன்கூட்டியே விஷயத்தைப் போட்டு வைத்தேன், அவள் பெயரோடு.

"அட, அந்தப் பொண்ணா? என் மேலயேவா?" என்று சிரித்தான். "வரட்டும்பா. நடுக்கடல்ல வச்சு சாவகாசமா பேசிக்கிறேன்."

இவ்வளவு ஒத்துழைப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

அவன் குடிப்பது தெரியுமா என்கிறீர்கள். ஊருக்கே தெரியும். கொடுவா மீன் பிடிக்க அவனோடு போய், பாதி வழியில் சுக்கானை நான் பிடுங்கவேண்டி வந்திருக்கிறது. அதன் பிறகு அவன் படகில் நான் கால் வைத்ததில்லை. எனக்குக் குடும்பம் இருக்கிறது.

அவசரம் என்றால் வெளியில் யாரையும் கூப்பிடாதே, முதலில் என்னைக் கூப்பிடு என்று லிட்டியாவிடம் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். சொன்னபடி கேட்கும் பெண். கூப்பிட்டாள்.

"பேசிட்டேன் கிளைவ். அடிக்க வராரு. நிக்கவே முடியல அவரால, வேகத்தைக் குறைக்கவும் மாட்டேங்கறாரு. முன்னாடி பாறை தெரியுது. மீட்புப் படைக்குச் சொல்லுங்க, சீக்கிரம்!"

மீட்புப் படைக்குச் சொன்னால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் எழுத்தில் ஒரு புகார் வரும், இத்தனை வருஷத்தில் முதல் புகார். அவள் எதிர்காலமும் பாழாகும். அதனால் நான் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. "போனை அவர்கிட்ட குடும்மா, மூணு பேருமா பேசித் தீர்த்துக்கலாம்" என்றேன்.

ஹேமிஷ் பாறையைப் பற்றிக்கொண்டு பிழைத்துவிட்டான். லிட்டியாவை அலைதான் கொண்டுவந்து கரையில் போட்டது.

இவ்வளவும் நான் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அவளைக் கைவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது அபாண்டம். எந்தப் பிள்ளையின் அழைப்பையும் நான் பாதியில் துண்டித்ததில்லை. அன்றும் போனைக் காதோடு வைத்துக்கொண்டே இருந்தேன், அவள் அலறல் நிற்கும்வரை.