இரண்டாம் பக்கத்துக்கு யாரும் போவதில்லை

கடையில் சோப்பு வாங்கும்போது கண்ணுக்கு நேராக இருப்பதைத்தான் எடுப்பேன். குனிந்து கீழ்த்தட்டைப் பார்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது. மற்றவர்களும் அப்படித்தான் என்பதால் என் பிழைப்பு ஓடுகிறது.

இணையத்தில் நீங்கள் எதையாவது தேடினால், எது மேலே வர வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. முதல் பக்கத்தோடு எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். இரண்டாம் பக்கத்துக்குப் போகிறவர்கள் ஒன்று வேலைவெட்டி இல்லாதவர்கள், இல்லை என்னைப் போன்றவர்கள்.

எனக்கு வேலை கொடுத்தவர்களில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியும் உண்டு. அதன் பெயரைத் தேடினால் முதலில் வந்தது ஒரு தாய் எழுதிய பக்கம். தொண்டையில் சதை எடுக்கப் போன மகள் ஆபரேஷன் மேசையிலேயே இறந்துவிட்டாள். மயக்க மருந்து கொடுத்தவர் பாதியில் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். அந்த அம்மா ஆஸ்பத்திரியின் பெயரையே தலைப்பாக வைத்திருந்தார். விவரம் தெரியாமல் செய்ததுதான், ஆனால் நானே உட்கார்ந்து செய்திருந்தாலும் அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

அழித்துவிடச் சொல்லி நிர்வாகி குதித்தார். அடுத்தவர் எழுதியதை அழிப்பது தப்பு, அதை நான் செய்வதில்லை. அந்த அம்மாவுக்கே போன் செய்தேன். படித்ததிலிருந்து மனசு சரியில்லை, ஏதாவது உதவ நினைக்கிறேன் என்றேன்.

"தலைப்புல அந்த ஆஸ்பத்திரி பேரு எதுக்கும்மா? உங்க பொண்ணு பேரை வைங்க. உள்ளேயும் ஆஸ்பத்திரி பேரை எடுத்துடுங்க, கேஸ் போட்டுடுவாங்க."

அவர் அழுதார். இத்தனை அக்கறையாக யாருமே பேசவில்லை என்றார். அன்றைக்கே மாற்றியும்விட்டார். ஊர் பேர் தெரியாத ஒரு சிறுமியின் பெயரை யார் தேடப்போகிறார்கள்? பக்கம் தானாக இறங்கியது. அந்த இடத்தில், குணமாகி வீடு திரும்பியவர்கள் சொல்வதுபோல் நான் எழுதியவை ஏறின.

என் தங்கைக்குப் பித்தப்பையில் கல். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். மிக்ஸி வாங்குவதென்றால்கூட நாலு இடத்தில் தேடிப் பார்ப்பவள் அவள்.

"அண்ணா, அந்த ஆஸ்பத்திரியில சேரலாம்னு இருக்கோம். தேடிப் பாத்தேன், ஒருத்தர்கூட குறை சொல்லல. நீ என்ன சொல்ற?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என்னைப் பற்றிப் பெருமையாகப் பேச இருந்ததும் அவள் ஒருத்திதான். தவிர, ஒருமுறை நடந்தது மறுபடியும் நடந்தே தீரவேண்டுமா என்ன? நல்ல இடம்தான், பயப்படாமல் போ என்றேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அதே மேசை. அதே மயக்க மருந்துக்காரர். அன்றைக்கும் அவருக்கு வேறொரு இடத்தில் அவசரம். நான் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எல்லாம் முடிந்தபின் அவள் கணவர் என் அறைக்கு வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு வீட்டுல இப்படி நடக்கக் கூடாது மச்சான். அந்த ஆஸ்பத்திரியைத் தேடினா இதுதான் முதல்ல வரணும். உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியுமே. என்ன தலைப்பு வைக்கலாம்?"

படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் தோளில் கைவைத்தேன்.

"தங்கச்சி பேரையே வைங்க மாப்பிள்ளை."

அதற்கப்புறமும் அங்கே இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்கிறீர்கள். என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் அண்ணன் செய்ய வேண்டியதில் நான் குறை வைக்கவில்லை. அவள் பெயரைத் தேடிப் பாருங்கள். அவள்தான் முதலில் வருவாள்.