விருந்தாளி கணக்கில் இல்லை

எனக்குப் படிவம் நிரப்புவது பிடிக்கும், இன்ஸ்பெக்டர். கேட்டதற்குப் பதில் எழுதினால் போதும், யாரும் முகம் சுளிப்பதில்லை. அதனால் நீங்கள் கேட்பதையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ரான் இறந்த மாதமே நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் பெரியவர் ஒருவர்தான் என்றால் வீட்டு வரியில் கால் பங்கு தள்ளுபடியாம். பதினொரு வருடமாக அந்தக் கடிதம் தவறாமல் வந்தது. ஹல் நகரத்தில் நான் தனியாக இருக்கிறேன் என்பதை ஞாபகம் வைத்திருந்தது அந்த ஆபீஸ் மட்டும்தான்.

ஜனவரியில் மேவிஸ் வந்தாள். பிஸ்கட் ஃபாக்டரியில் இருபது வருடம் என் பக்கத்தில் நின்று பெட்டி கட்டியவள். பிரிட்லிங்டனில் அவள் வீட்டுக் குழாய் வெடித்து, தரையெல்லாம் தண்ணீர். "மூணு வாரம் தாங்குவியா, ஈனிட்? நான் குறட்டை விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். விட்டாள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டதும் நான் நிம்மதியாக விடியும்வரை தூங்கினேன். ரான் போனதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

நான் யாரையும் ஏமாற்றுகிறவள் இல்லை. வீட்டில் இரண்டு பேராகிவிட்டோம், தள்ளுபடியை எடுத்துவிடுங்கள் என்று நகராட்சிக்குப் போன் செய்தேன். பேசிய பெண் நல்ல மாதிரி.

"அவங்களுக்குன்னு வேற ஊர்ல வீடு இருக்கா, கண்ணு?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப அவங்க விருந்தாளி, கணக்குல வரமாட்டாங்க. திரும்பிப் போக வீடு இருக்கிற வரைக்கும் நீங்க தனியா இருக்கிறதாத்தான் அர்த்தம்."

மாடியில் மேவிஸ் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று வாரம் ஏழு வாரமாயிற்று. இங்கேயே இருந்துவிடேன் என்று இரண்டு தடவை கேட்டேன். "உன் டீயைக் குடிச்சே செத்துப்போவேன்டி. என் வீட்டு ஜன்னல்ல கடல் தெரியும். இங்க என்ன தெரியுது, குப்பைத்தொட்டி" என்று சிரித்தாள். வீட்டில் பழுதுபார்க்கும் வேலை முடியப்போகிறது, சனிக்கிழமை கிளம்புகிறேன் என்றும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குச் சளி. தன் நீலக் கோட்டை எடுத்துவரச் சொல்லிச் சாவி கொடுத்தாள். பத்து மணி பஸ்ஸில் போனேன். அவள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. கோட்டை எடுத்தேன். இறந்துபோன அவள் கணவரின் படத்தையும் எடுத்துக்கொண்டேன், அது இல்லாமல் அவள் தவித்துப்போவாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, பக்கத்தில் துணியைப் போட்டேன். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். திறந்த வீடென்றால் எவனாவது புகுந்துவிடுவான்.

மாடியில் இருந்தது அவள் தம்பி கிளைவ் என்று எனக்குத் தெரியாது. அக்கா வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தானாம். ரேடியோ பாடுவது கேட்டது. கூலிக்கு வந்த ஆள் என்றுதான் நினைத்தேன். கிளைவ் என்று தெரிந்திருந்தால் புதன்கிழமை போயிருப்பேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக நகராட்சிக்குப் போன் செய்தேன். மேவிஸுக்கு இனி வேறு வீடு இல்லை என்றேன். தள்ளுபடியை நீக்கிக் கடிதம் அனுப்பினார்கள், இந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் என்று. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள்.

மேவிஸ் இப்போது லீட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறாள், என் பெயரைக்கூடக் கேட்க விரும்பவில்லை என்கிறீர்கள். தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தில் அப்படித்தான் பேசுவார்கள். நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். சிறையில் இருப்பவர்களை வீட்டு வரிக்கு எண்ணுவதில்லை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் என் வீட்டில் இனி மேவிஸ் ஒருத்திதான், தள்ளுபடி அவளுக்குக் கிடைக்க வேண்டும். படிவத்தில் மகள் வீட்டு முகவரியை எழுதிவிடாதீர்கள். அங்கே அவள் விருந்தாளி.