வெட்டின கயிறு

"அளவையியல் படிச்சுப்போட்டு ஆரோடயடி வாதாடப் போறாய்?" என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அங்கே படித்தது அளவையியல் என்கிற தர்க்கம்.

போன மாதம் திருகோணமலை பஸ்ஸில், சல்லிக் கிராமத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள். ஒருத்தியின் கணவர், மற்றவளின் அண்ணன், முதல் நாள் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவருடைய வலையின் மிதவைக் கேன் மட்டும் காலையில் கரை ஒதுங்கியிருந்தது.

"கேன் வந்திட்டுது மச்சாள், மனுசன் வரேல்லை. எல்லாம் முடிஞ்சுது."

"அழாம சொல்லு. கேனில கிடந்த கயிற்றின்ர நுனி பிஞ்சு கிடந்ததோ, வெட்டினதோ?"

அவள் யோசித்தாள். "நேரா இருந்தது. வெட்டின மாதிரி."

"கடல் இழுத்தா நார் நாராப் பிஞ்சிருக்கும். கத்தி தன்ர பாட்டில வெட்டுமோ? அண்ணன்தான் வெட்டினவர்."

"அவரோ? என்னை விட்டாலும் வலையை விடமாட்டாரே!"

"அதைத்தான் சொல்றன். வலை கல்லில மாட்டி, வள்ளம் தாழப் பாத்தாத்தான் அண்ணன் வெட்டுவார். வெட்டேக்க உயிரோட இருந்தவர், வள்ளத்தைக் காப்பாத்தத்தான் வெட்டினவர். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கொண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

உப்புவெளி தாண்டும்போது மனைவியின் போன் அடித்தது. இறக்கக்கண்டியில் கரையேறி, யாருடைய போனிலோ அவர்தான் பேசினார்.

"ஓம்... ஓம்..." என்று விம்மியவள் திடீரென்று கத்தினாள்: "வலையை வெட்டத் தெரிஞ்ச உங்களுக்கு, விடியவே ஒரு கோல் எடுக்க ஏலாதோ?"

பஸ்ஸே சிரித்தது.

நேற்று, அளவையியல் ஆசிரியையாக என் முதல் வகுப்பில், கரும்பலகையில் பிய்ந்தது ஒன்றும் வெட்டியது ஒன்றுமாக இரண்டு கயிற்று நுனிகளைக் கீறிவிட்டுப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன்.