சுப்பையன் பற்றவைத்த கம்பி

காலையில் எழுந்ததும் முதலில் டெலிபோனைத் தூக்கிக் காதில் வைப்பேன். லைன் சரியாக இருந்தால் கீழே வைத்துவிட்டுக் கரியடுப்பை மூட்டுவேன். கோகிலாவுக்குப் புகை ஆகாது. கல்யாணமான நாள்முதல் அடுப்பு மூட்டுவது என் வேலை. பிறகு கோப்பி, சவரம், சைக்கிள். நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கிலிருந்து நகரத்து டெலிபோன் நிலையத்துக்குத் தூரம் அதிகமில்லை. அவள் இறந்த பிறகும் இதில் எதுவும் மாறவில்லை. இன்று காலையும் தூக்கிக் கேட்டேன். சத்தம் நன்றாக வருகிறது.

இன்ஸ்பெக்டர் அவர்களே, எங்களிடம் கம்பி பற்றவைக்கும் சுப்பையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புதிய நிலையத்தில் எங்கள் வீட்டுக் கம்பியை அவன் இணைக்க மறந்துவிட்டானாம். அதனால் என் மனைவி யாரையும் கூப்பிட முடியாமல் இறந்தாளாம். அது பிழையான தகவல். அதைத் திருத்தத்தான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

கோகிலாவுக்கு இழுப்பு நோய். அவசர வேலைக்கு என்னை அழைப்பதற்காக டெலிபோன் இலாகா வீட்டில் டெலிபோன் வைத்துக் கொடுத்திருந்தது. மூச்சு முட்டும்போதெல்லாம் அவள் என்னை அழைப்பாள். பழைய நிலையத்தில் எண் சுழற்றத் தேவையில்லை. எடுத்தால், இணைப்புக் கொடுக்கும் போர்டில் உட்கார்ந்திருக்கும் நூர்ஜஹான் பேசுவார். புருஷன் பெயரைச் சொல்லும் பழக்கம் கோகிலாவுக்கு இல்லை. நூர்ஜஹானுக்கு அது ஒரு விளையாட்டு.

"யாரும்மா வேணும்?"

"அவங்கதான் லா, அக்கா."

"இங்க நெறைய அவங்க இருக்காங்க. பேரச் சொன்னாத்தான் லைன் குடுப்பேன்."

இழுப்போடு இழுப்பாகக் கோகிலா சிரிப்பாளாம். பெயர் மட்டும் வராது. கடைசியில் நூர்ஜஹான் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "தம்பி, உங்க வீட்டு அவங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நான் ஓடுவேன். டாக்டரை அழைத்துவந்து ஊசி போடவைத்து, அவள் தூங்கியதும் திரும்புவேன். பாதி வேலை நின்றிருக்கும்.

பிறகு தானியங்கி நிலையம் வந்தது. வெள்ளைக்கார எஞ்சினியர் சுதந்திரத்தோடு ஊர் திரும்பவிருந்தார். அவர் இடத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். நான் கோலாலம்பூரில் தொழில்நுட்பம் படித்தவன். பழைய போர்டை விட்டுப் புதியதற்கு மாறும் நாளில் நீ இடத்தைவிட்டு நகராமல் இருந்தால் போதும், உனக்காக மேலிடத்துக்கு நான் எழுதுகிறேன் என்று அவர் என்னிடம் சொன்னார்.

எனக்கு ஒரு நாள் அமைதி தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

அன்று மற்றவர்களுக்கு முன்பே போனேன். தெருக் கம்பிகள் வந்து சேரும் இரும்புச் சட்டத்தில் எங்கள் வீட்டு முனையைத் தேடி, ஈயத்தை உருக்கிக் கம்பியை விடுவித்தேன். சுப்பையன் வெகு நேர்த்தியாகப் பற்றவைத்திருந்தான். அதைக் கெடுப்பதற்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. எண் சுழற்றி டாக்டரை அழைக்க முந்தைய வாரமே கோகிலாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அந்த வழியும் அதே கம்பிதான். அக்கம்பக்கத்தார் சுதந்திர அணிவகுப்பின் ஒத்திகை பார்க்கத் திடலுக்குப் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மாறியதும் பல இணைப்புகள் ஊமையாக இருந்தன. எதிர்பார்த்ததுதான். தெங்கேராவில் ஒரு துணிக்கடை, பத்து பெரெண்டாம் விமான நிலையம், இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சேர்த்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அப்படி ஒரு நாள் வேலை செய்து வெகுகாலம் ஆகியிருந்தது. எஞ்சினியர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டு முனைக்கு வந்தபோது சோதனை டெலிபோனை மாட்டினேன். ஒவ்வொரு முனையிலும் மாட்டிக் கேட்பது முறை. அதிலுள்ள பேட்டரியால் செத்த கம்பிக்கும் உயிர் வரும்.

கோகிலா ஏற்கனவே டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூச்சு எனக்குத் தெரியும். உலோகத்தில் அரம் தேய்ப்பதுபோல் இருக்கும்.

பற்றவைக்கும் கோல் என் கையில் சூடாகத்தான் இருந்தது. ஒரு வாய்க் கோப்பி குடிக்கும் நேரம் போதும், சேர்த்திருக்கலாம். சேர்த்தால் அவள் டாக்டரை அழைப்பாள், டாக்டர் என்னைக் கேட்பார், நான் ஓட வேண்டும். வழக்கமாக இழுப்பு தானாகவே தணியும் என்று நினைத்தேன். உண்மையில் அது ஒருமுறையும் தானாகத் தணிந்ததில்லை. இதை இங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் கவனிக்கிறேன்.

சோதனை டெலிபோனை மாட்டியபோது எழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நூர்ஜஹான் அக்காவா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கழற்றவும் இல்லை. அந்த மூச்சுச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றதும் கம்பியைச் சேர்த்து, சோதித்து, சுப்பையன் ஒன்றை விட்டுவிட்டான் என்று எஞ்சினியரிடம் சொன்னேன். அவருடைய நாற்காலி இப்போது என்னுடையது.

நான் அவளைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். என் கணக்கில் அது தாமதமாகச் சேர்த்த ஓர் இணைப்பு. சுப்பையன் வேலையில் பிழையில்லை, அது மட்டும் பதிவாக வேண்டும்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். பதில் வராததால், தன் குரல் தெரியாத புது ஆள் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். சற்றுத் தயங்கினாள். பிறகு, கல்யாணமாகி முதல்முறையாக, அந்தப் பெயரைச் சொன்னாள்.

"கருணாகரன்னு... எங்க வீட்டுக்காரரு. அங்கதான் இருப்பாங்க. கொஞ்சம் சொல்லுங்க லா... அவங்க காதுல விழுந்தாப் போதும், ஓடி வந்துருவாங்க."