ஆலை வாசலில் தொங்கும் சொட்டு மருந்து

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர், அரிசி ஆலை அதிபர் ஜானகிராமன் அவர்களே, மதுராந்தகத்தின் மதிப்பிற்குரிய பெரியோர்களே, களத்து வேலையை விட்டுவிட்டு இந்தக் கண் முகாமுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, மருத்துவர் விஜயகுமாரியின் வணக்கம்.

பொன்னாடைக்கு நன்றி. ஆனால் எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

முன்வரிசையில் இருக்கிறாளே வேண்டா என்கிற பெண், போன வருஷத் தையில் ஆலைக் களத்தில் நெல் தூற்றும்போது அவள் கண்ணில் உமியின் சுணைமுள் விழுந்தது. ஆலை வாசலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சொட்டு மருந்துச் சீசா தொங்குகிறதல்லவா, அதை விட்டுக்கொண்டாள். சிவப்பு குறைந்தது, உள்ளே புண் வளர்ந்தது. என்னிடம் வந்தபோது கருவிழியே வெளுத்திருந்தது. ஏன் முன்னமே வரவில்லை என்றேன். "எரிச்சல் நின்னுபோச்சு டாக்டரம்மா, நல்லாத்தான் கீதுன்னு இருந்துட்டேன்" என்றாள். நான் யாரைத் திட்டுவது?

அவள் கண்ணைத் தின்றது பூஞ்சை. ஊறுகாயில் பூக்கிறதே, அந்த இனம். சிவப்பை அடக்கும் அந்த மருந்து, பூஞ்சைக்கு விருந்து. கத்தரிக்காய் வாங்கினால் காம்பு பார்க்கிறீர்கள், அரிசி களைந்தால் கல் பார்க்கிறீர்கள், கண்ணில் வந்தது கிருமியா பூஞ்சையா என்று மட்டும் பார்க்க மாட்டீர்களா?

என்ன அண்ணே, சோதனை என்றால் கண்ணைத் தோண்டுவார்களா என்கிறீர்களா? மாட்டோம். மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். பூஞ்சை என்றால் நூல் நூலாகத் தெரியும். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சொல்லிவிடலாம். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தாயிற்று, இந்தச் சோதனைக்கு மட்டும் யாருக்கும் நேரம் வரவில்லை.

சீசாவைக் கழற்றுங்கள் என்று தலைவரிடம் எத்தனை முறை கெஞ்சினேன். "நல்லதுக்குத்தாம்மா வெச்சிகீறேன்" என்றார். நல்ல மனசுதான், நான் மறுக்கவில்லை. அந்த நல்ல மனசில்தான் ஒரு பெண்ணின் கண் போயிற்று.

வேண்டா, ஏன் எழுந்து நிற்கிறாய்? சொல்லம்மா.

"ஐயாவும் இந்தப் பொங்கல்லேர்ந்து அந்த மருந்தத்தாம்மா வுட்டுகினு கீறாரு. அதான் கறுப்புக் கண்ணாடி."

தலைவரே, வெயிலே இல்லாத பந்தலில் உங்களுக்குக் கண்ணாடி எதற்கு? கழற்றுங்கள். சபை மரியாதை கிடக்கட்டும், விளக்குப் பக்கம் திரும்புங்கள்.

கருவிழி ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. சின்னதுதான். இன்று என்னவென்று பார்த்துவிட்டால் காப்பாற்ற வழி உண்டு.

தலைமையுரை அப்புறம் ஆகட்டும். மைக்ராஸ்கோப் பின்னறையில் இருக்கிறது. வேண்டா, ஐயாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. வழியில் அந்தச் சீசாவைக் கழற்றிவர யாரையாவது ஆலைக்கு அனுப்பு.

என் சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி, வணக்கம். யாராவது இந்த மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வேலை வந்துவிட்டது.